முக்காலி உயர்ந்த கதை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் எழும்பும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் ஒரு புது அமைப்பைக் காணலாம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவர் போய்விட்டது. அந்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் மேடை நிற்கிறது. மேடைக்கு இப்பால் இரண்டு உயரமான முக்காலிகள். அறைகலன் கடைக்காரர் இவற்றைப் 'பார் ஸ்டூல்' என்பார். நான்கு கால்கள் இருந்தாலும் நமக்கு அது முக்காலிதான். உயர முக்காலி என்றே இங்கு வைத்துக்கொள்வோம்.

இதை வாங்கச் செல்பவர் எதைப் பார்க்கிறார்? நிறத்தைப் பார்க்கிறார், மெத்தையை அழுத்திப் பார்க்கிறார், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேடையருகே போட்ட பிறகுதான் தொடை கல்லில் இடிப்பது தெரிகிறது. அல்லது கால் தொங்கி மரத்துப் போகிறது. ஒரு மாதத்தில் அது துணி போடும் இடமாகிவிடுகிறது.

இவ்வளவு எளிய பொருளில் இவ்வளவு தவறு நேர்வது ஏன்? இந்த இருக்கை எதற்காக உயர்ந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். அந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தானே விளங்கும்.

தரையில் இருந்த சமையலறை

முக்காலி மிகப் பழைய பொருள். 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியக் கைவினைஞர்கள் மூன்று கால் கொண்ட தாழ்வான இருக்கையில் அமர்ந்து வேலை செய்தார்கள். மூன்று கால் ஏன்? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆகவே மேடுபள்ளமான மண்தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்கும். நான்காவது கால் சேர்ந்தால் தரையும் சமமாக இருக்கவேண்டும். இல்லையேல் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும்.

நம் வீடுகளிலோ உட்காரும் பொருளெல்லாம் தரையை ஒட்டியே இருந்தன. மணை, பலகை, அரிவாள்மணை, தேங்காய் துருவும் பலகை ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். அம்மி, ஆட்டுக்கல், விறகடுப்பு எல்லாம் தரையில்தான். சமைப்பவர் உட்கார்ந்தே அரிந்தார், அரைத்தார், ஊதினார். புகை கண்ணைக் கரித்தது. குனிந்து நிமிர்ந்து முதுகு வலித்தது. ஆனால் மணிக்கணக்கில் நிற்கவேண்டிய தேவை குறைவாகவே இருந்தது.

மேல்நாட்டில் உயர முக்காலியை முதலில் மிகுதியாகப் பயன்படுத்தியவர்களுள் கணக்கர்களும் அடங்குவர். 19-ஆம் நூற்றாண்டின் வணிக அலுவலகங்களில் கணக்குப் பேரேடுகள் பெரியவை; அவற்றை நின்றுகொண்டு எழுத வசதியாக மேசைகளை உயரமாகச் செய்தார்கள். கால் வலித்தால் சற்றே அமர்வதற்கு உயரமான முக்காலி வந்தது. நின்றாலும் அமர்ந்தாலும் கண்ணும் கையும் பேரேட்டுக்கு ஒரே உயரத்தில் இருக்கும். இதில் ஒரு விதி அடங்கியிருக்கிறது. முதலில் வருவது நின்று செய்யும் வேலை. அடுத்து அந்த வேலைக்கு ஏற்ற மேசை. முக்காலியின் உயரம் அந்த மேசையிலிருந்து பிறக்கிறது.

அடுப்பு மேடை ஏறியது

நம் சமையலறையில் அந்த மேசை எப்படி வந்தது? சில வீடுகளில் முன்பே மேடை இருந்தது. ஆனால் அதைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு எரிவாயுவுக்கு உண்டு. 1960-களின் நடுவில் இந்தியன் ஆயில் நிறுவனம் 'இண்டேன்' என்ற பெயரில் சமையல் எரிவாயுவை வழங்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் நகர்ப்புற நடுத்தர வீடுகளில் சிலிண்டர் மெல்ல மெல்ல இடம் பிடித்தது. 2007 முதல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியபோது, அதுவரை எட்டாத வீடுகளுக்கும் அது சென்றது.

இந்த வாயு புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29, புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. அதாவது இவை காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானவை. கசிந்தால் மேலே பறந்து போகாமல் தரையில் தங்கும். ஆகவே சுடர் தரையில் இருப்பது ஆபத்து. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 14.2 கி.கி. வாயு கொண்ட வீட்டுச் சிலிண்டர் இரண்டடிக்குச் சற்றே மேல் உயரமுள்ளது. அதைவிட உயர்ந்த மேடை என்றால், அடுப்பு நம் இடுப்பருகே வந்துவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் இந்த மேடை 80 முதல் 85 செ.மீ. வரை இருக்கும்.

புகை ஒழிந்தது, குனிவதும் குறைந்தது. இவை பெரிய நன்மைகள். ஆனால் அம்மியும் அரிவாள்மணையும் விலகி, மிக்ஸியும் கத்தியும் மேடைமேல் ஏறியதால், உட்கார்ந்து செய்த வேலையெல்லாம் நின்று செய்யும் வேலையாயிற்று.

வெறுமனே நிற்பது நடப்பதைவிடக் கடினம் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிகின்றன. அவை சிரைகளிலுள்ள இரத்தத்தைப் பிசைந்து இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் இந்த 'இறைப்பான்' ஓய்ந்துவிடுகிறது. இரத்தம் கீழே தேங்கிக் கால் வீங்குகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் சிரைகள் புடைத்துச் சுருண்டுவிடவும் கூடும். நெடுநேரம் நின்று வேலை செய்பவர்களிடம் இத்தொல்லை மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான்.

பிராங்க்பர்ட் தந்த பாடம்

மேடையைக் கொண்டுவந்தவர்கள் இருக்கையை மறந்துவிட்டார்களா? எல்லாரும் மறக்கவில்லை. அமெரிக்காவில் கிறிஸ்டீன் பிரெடரிக் என்ற பெண்மணி 1913-இல் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூலில், வேலை செய்யும் மேசை சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். இச்சிந்தனை ஐரோப்பாவிலும் பரவியது.

முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் நகராட்சி ஆயிரக்கணக்கான சிறு வீடுகளைக் கட்டியது. அவற்றுக்குச் சமையலறையை வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி. 1926-இல் உருவான அந்த அறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடையது. ரயிலில் உணவு சமைக்கும் பெட்டியைப் பார்த்து அவர் பாடம் கற்றிருந்தார். எந்தப் பொருளையும் ஓரிரு அடியில் எட்டிவிடலாம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை அமைந்தது.

அதிலிருந்த ஒரு பொருள்தான் நமக்கு முக்கியம். சன்னலை ஒட்டிய வேலைப் பலகைக்கு முன்னால் சுழலும் முக்காலி ஒன்றை அவர் வைத்தார். பலகைக்குக் கீழே அலமாரி இல்லை. முழங்கால் நுழைய இடம் விட்டிருந்தார். காய் அரிபவர் வெளிச்சத்தில் அமர்ந்து அரியலாம். ஆக, வீட்டுச் சமையலறையில் முக்காலிக்கு நவீன காலத்தில் இடம் தேடித் தந்தது வேலை செய்பவரின் களைப்பைக் குறைக்கும் எண்ணமே ஆகும்.

மிதிவண்டி ஈன்ற இருக்கை

இனி, உயர முக்காலியின் உடலைப் பார்ப்போம். மரத்தால் உயரமான இருக்கை செய்தால் கால்கள் தடிக்கவேண்டும், எடை கூடும். இதற்கு விடை மிதிவண்டியிலிருந்து வந்தது.

1925-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மார்சல் பிராயர் என்ற இளைஞர் மரவேலைப் பட்டறையை நடத்தி வந்தார். அவர் புதிதாக 'ஆட்லர்' மிதிவண்டி ஒன்று வாங்கியிருந்தார். மெல்லிய உருக்குக் குழாயை வளைத்துச் செய்த அதன் கைப்பிடி அவரைச் சிந்திக்க வைத்தது. ஓர் ஆளைச் சுமந்து ஓடும் குழாய், ஓர் ஆளை உட்காரவைத்துத் தாங்காதா? அவ்வாண்டே அவர் வளைத்த உருக்குக் குழாயால் நாற்காலி செய்தார். 1926-இல் டெசாவ் நகரில் திறக்கப்பட்ட பள்ளியின் புதிய கட்டடத்தில், உணவுக்கூடத்து முக்காலிகளும் அதே குழாயால் ஆனவை.

உள்ளே வெறுமையான குழாய் எப்படி உறுதியாக நிற்கிறது? ஒரு சிறு கணக்குப் போடலாம். 25 மி.மீ. விட்டமும் 1.6 மி.மீ. சுவர்த் தடிப்பும் உள்ள உருக்குக் குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவான எடையுடையது. அதே எடையில் கெட்டியான கம்பி செய்தால் அதன் விட்டம் 12 மி.மீ. அளவே வரும். ஆனால் வளைக்கும் விசையை எதிர்ப்பதில் குழாய் அந்தக் கம்பியைப்போல் ஏழு மடங்கு விறைப்பாக இருக்கும். பொருள் நடு அச்சிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ, அவ்வளவு அது வளைவை எதிர்க்கும். மூங்கிலும் இதே தத்துவத்தால்தான் நிமிர்ந்து நிற்கிறது.

இந்தக் குழாயின் கதையில் நம் மேற்குப் புறநகருக்கும் பங்கு உண்டு. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. மிதிவண்டிக்கு உயிர்நாடி குழாய் அல்லவா? 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உருவாயிற்று. நீண்ட உருக்குத் தகட்டுப் பட்டையை உருளைகளுக்கிடையே செலுத்திக் குழாயாக மடிப்பார்கள். பட்டையின் இரு விளிம்புகளையும் மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி ஒன்றோடொன்று அழுத்திப் பற்றவைப்பார்கள். 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபின், குழாயை வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் தெரிந்த கைகள் இவ்வட்டாரத்தில் பெருகின. ஐரோப்பாவில் கலைப்பள்ளியில் பிறந்த பொருளை இங்கே தெருமுனை வெல்டிங் பட்டறையும் செய்யக்கூடிய நிலை வந்தது.

யார் உட்காரலாம்?

இருக்கை செய்யும் பொருள் மலிவாயிற்று. உட்கார அனுமதி கிடைத்ததா? இதுதான் முக்காலி வரலாற்றின் கசப்பான பகுதி.

நிற்பவர் பணிவானவர், அமர்பவர் மேலானவர் என்ற எண்ணம் பல சமூகங்களிலும் ஊறியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்ததோடு, பெஞ்சில் அமரும் உரிமையையும் மறுத்தார்கள். அமெரிக்காவிலோ இந்தச் சண்டை உயர முக்காலியின் மேலேயே நடந்தது. வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் ஊல்வொர்த் என்ற பெரிய கடை இருந்தது. அங்கே கறுப்பர்கள் பொருள் வாங்கலாம். உணவு மேடையின் முக்காலியில் அமர்ந்து உண்ண முடியாது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் அந்த முக்காலிகளில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். தர மறுத்தபோதும் எழாமல், கடை மூடும்வரை இருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். போராட்டம் வேறு நகரங்களுக்கும் பரவியது. அவ்வாண்டு ஜூலை 25-இல் அக்கடை இறங்கி வந்தது. அந்த மேடையின் ஒரு பகுதியும் நான்கு முக்காலிகளும் இன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

வேலையிடத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1899-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியே, கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது போடவைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்யவேண்டிய தொழிலாளர் இடையிடையே அமர்ந்து இளைப்பாற இருக்கை வசதி செய்யவேண்டும் என்று விதித்தது. ஆனால் கடை ஊழியருக்கு அந்த வசதி நெடுங்காலம் எட்டவில்லை. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பத்து மணி நேரம் நிற்பது வழக்கமாயிருந்தது. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள், பி. விஜி என்ற தொழிற்சங்கத் தலைவியின் முன்முயற்சியில் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று ஆக்கியது.

தொழிற்சாலைக்குச் சட்டம் வந்தது, கடைக்கும் வந்தது. சமையலறைக்கு எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அங்கே நிற்பவருக்கு இருக்கை தரவேண்டியவர் நாமே.

தேர்ந்தெடுப்பது எப்படி?

வரலாறு சொன்ன விதியை இனி அளவுகோலோடு பொருத்துவோம். முதலில் அளக்கவேண்டியது மேடையை. இருக்கையின் மேற்பரப்புக்கும் மேடையின் மேற்பரப்புக்கும் இடையே 25 முதல் 30 செ.மீ. வேண்டும். அதற்குள்தான் கல்லின் தடிப்பும் நம் தொடையின் தடிப்பும் அடங்கவேண்டும். 85 செ.மீ. மேடைக்கு 55 முதல் 60 செ.மீ. உயர இருக்கை சரி. கடைகளில் 'பார் ஸ்டூல்' என்று விற்பவை பெரும்பாலும் 75 செ.மீ. உயரமுள்ளவை, 105 செ.மீ. அளவிலான மதுக்கூட மேடைக்காக ஏற்பட்டவை அவை. அதை நம் மேடையருகே போட்டால் இடைவெளி 10 செ.மீ. மட்டுமே. தொடை எங்கே நுழையும்?

இரண்டாவது, கால் தாங்கி. உயர இருக்கையில் பாதம் தரையைத் தொடாது. தொங்கும் காலின் எடை முழுதும் இருக்கை விளிம்பில் விழுந்து, தொடையின் அடிப்பகுதியிலுள்ள நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் அழுத்தும். மரத்துப் போவது இதனால்தான். சாதாரண நாற்காலியில் அமர்ந்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் அடிவரை அளந்துகொள்ளுங்கள். நம்மவர் பலருக்கு இது 38 முதல் 43 செ.மீ. வரை வரும். இருக்கைக்குக் கீழே அதே தொலைவில் கால் தாங்கி இருக்கவேண்டும்.

மூன்றாவது, சாயாத் தன்மை. அமர்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் நேர்கோடு, கால்கள் தரையில் அமைக்கும் வடிவத்துக்குள் விழும்வரை முக்காலி சாயாது. இந்த மையம் இருக்கைக்கு மேல் ஏறக்குறைய 25 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கால்கள் 40 செ.மீ. சதுரத்தில் நின்றால், 45 செ.மீ. உயர முக்காலி 16 பாகை சாய்ந்த பிறகே கவிழும். 75 செ.மீ. முக்காலியோ 11 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். உயரம் கூடக்கூடக் கால்களும் அகன்று நிற்கவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

கால்களின் எண்ணிக்கையும் இங்கே முக்கியம். நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 25 செ.மீ. தள்ளி நிற்பதாகக் கொள்ளுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு மிகக் குறைந்த தொலைவு மூன்று காலில் 12.5 செ.மீ.; நான்கு காலில் ஏறத்தாழ 18 செ.மீ.; ஐந்து காலில் 20 செ.மீ. மூன்று கால் ஆடாது, ஆனால் எளிதில் சாயும். மண்தரைக்கு ஏற்ற அதை, உயரமான இருக்கைக்கு வழவழப்பான ஓட்டுத்தரையில் பயன்படுத்துவது நல்லதல்ல. அலுவலகச் சுழல் நாற்காலிகளுக்கு ஐந்து கால் வைப்பதன் இரகசியமும் இதுவே. குழந்தைகள் ஏறி விளையாடும் வீட்டில் சுழலாத, நான்கு கால் அகன்ற முக்காலியே பாதுகாப்பு.

நான்காவது, முழங்காலுக்கு இடம். மேடைக்குக் கீழே முழுதும் அலமாரி அடைத்திருந்தால் எந்த முக்காலியும் பயன்படாது. ஒருக்களித்து உட்கார நேரும். கூடத்துப் பக்கம் கல்லை 25 முதல் 30 செ.மீ. வெளியே நீட்டலாம். அதைவிட முக்கியம், சமைப்பவர் பக்கத்திலும் இரண்டடி அகலத்துக்கு அலமாரி இல்லாமல் விடுவது. பிராங்க்பர்ட் சமையலறை கற்றுத்தந்த பாடம் இது. அந்த இடம் அடுப்புக்கு நேராக இருக்கக்கூடாது. கொதிக்கும் பாத்திரம் சரிந்தால் அமர்ந்திருப்பவர் சட்டென விலக முடியாது. அரிவதற்கும் உரிப்பதற்கும் மாவு பிசைவதற்கும் மட்டும் அந்த இடம்.

இந்த அளவுகளில் கடைச்சரக்கு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மேடையின் உயரம், கால் தாங்கியின் உயரம், கால்களின் அகலம் ஆகிய மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் குழாயை வெட்டிச் செய்துவிடுவார்கள். பற்றவைத்த மூட்டுகளில் விரிசல் இல்லையா என்று பாருங்கள்; துருப் பிடிக்காத பூச்சும், காலடியில் ரப்பர் புஷ்ஷும் கேட்டு வாங்குங்கள். குழாய் முனை திறந்திருந்தால் கழுவும் நீர் உள்ளே புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். அதை அடைக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பின் அதை எங்கே போடுவது? கூடத்துப் பக்கம் இரண்டு போட்டால் விருந்தினர் காப்பி அருந்தலாம், நல்லதுதான். ஆனால் அளவெடுக்கும்போது முதலில் அளக்கவேண்டியது, நாள்தோறும் மேடைக்கு அப்பால் நிற்பவரின் முழங்காலை. முதல் முக்காலி அவருக்கு, மற்றவை பிறகு.